காப்பர் போய் ஃபைபர் வருகிறது: அலுவலகத் தொலைபேசி பற்றி வாசகர் கேள்விகள்

பழைய காப்பர் லைன்களை நிறுத்திவிட்டு ஃபைபருக்கு மாறச் சொல்லி அறிவிப்பு பெற்ற அலுவலகங்களிலிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அவற்றுள் விவரமாக எழுதப்பட்ட கடிதத்தை எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் 4 வெளி லைன்களும் 24 எக்ஸ்டென்ஷன்களும் கொண்ட பழைய பிபிஎக்ஸ் (வெளி லைன்களையும், எக்ஸ்டென்ஷன்கள் எனப்படும் உள் தொலைபேசிகளையும் இணைக்கும் பெட்டி) ஒன்று பல ஆண்டுகளாகப் பழுதின்றி ஓடுகிறது. ஃபைபர் வந்தால் இது வேலை செய்யாது, முழுவதையும் மாற்றியே தீரவேண்டும் என்கிறார் விற்பனையாளர். அது உண்மையா?

பதில்: உண்மையல்ல. அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். உங்கள் பிபிஎக்ஸுக்கு வெளி லைன் என்பது இரண்டே கம்பிகள்தான். அந்தக் கம்பிகளில் ஏறத்தாழ 48 வோல்ட் நேர்மின்சாரம் இருக்கிறதா, அழைப்பு வரும்போது மணியடிப்பதற்கான மாறுமின்சாரம் வருகிறதா, லைனை எடுத்தால் டயல் டோன் கேட்கிறதா என்பதை மட்டுமே அது பார்க்கிறது. இவை தொலைவில் உள்ள எக்ஸ்சேஞ்சிலிருந்து வருகின்றனவா, பக்கத்து அறைச் சுவரில் மாட்டிய ஒரு சிறு பெட்டியிலிருந்து வருகின்றனவா என்பது அதற்குத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை.

ஃபைபர் வந்து முடியும் ஓஎன்டி பெட்டியில் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு தொலைபேசித் துளைகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு குட்டி எக்ஸ்சேஞ்ச் போலவே நடந்துகொள்ளும். உங்களுக்கு 4 லைன்கள் வேண்டும் என்பதால் அது போதாது. ஃபைபர் வழியே வரும் குரலைப் பழைய இரு கம்பி லைனாக மாற்றித் தரும், 4 துளைகள் கொண்ட கேட்வே என்ற பெட்டி ஒன்று தேவைப்படும். இதை வாங்கும்போது மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். கேட்வேயின் துளைகள் எஃப்எக்ஸ்எஸ், எஃப்எக்ஸ்ஓ என்று இரண்டு வகைப்படும். எஃப்எக்ஸ்எஸ் என்பது மின்சாரமும் மணியும் கொடுக்கும் பக்கம். எஃப்எக்ஸ்ஓ என்பது அவற்றைப் பெற்றுக்கொள்ளும் பக்கம். பிபிஎக்ஸின் வெளி லைன் துளை ஏற்கெனவே பெற்றுக்கொள்ளும் பக்கமாக இருப்பதால், நீங்கள் வாங்கவேண்டியது எஃப்எக்ஸ்எஸ் கேட்வே. மாற்றி வாங்கிவிட்டால் இரண்டு பக்கமும் மற்றதன் மின்சாரத்துக்காகக் காத்துக்கொண்டு, டயல் டோன் இல்லாமல் ஊமையாக இருக்கும்.

பிபிஎக்ஸை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உதிரிப் பலகைகள் கிடைக்காமல் போயிருந்தால், அதை நிரல்படுத்தத் தெரிந்தவர் ஒருவரும் மிஞ்சவில்லை என்றால், அல்லது ஊழியர்கள் வீட்டிலிருந்தே எக்ஸ்டென்ஷனில் பேசவேண்டிய நிலை இருந்தால், குரலை இணைய முறையில் கையாளும் புதிய ஐபி பிபிஎக்ஸுக்குப் போவதே சரி; அப்போது கேட்வேயும் வேண்டாம், பல அழைப்புகளை ஒரே இணைய இணைப்பில் கொண்டுவரும் எஸ்ஐபி ட்ரங்க் நேராக அதில் வந்து சேர்ந்துவிடும். ஆனால் லைனையும் பிபிஎக்ஸையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். மறுநாள் ஒரு அழைப்பு பாதியில் அறுந்தால், குற்றம் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க வழியே இருக்காது. இரண்டு தரப்பினரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். முதலில் லைனை மாற்றி, சில வாரங்கள் ஓடவிட்டு, பிறகு பெட்டியைப் பற்றி யோசியுங்கள்.

எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய எண் புதிய இணைப்புக்கு முழுமையாக மாறி, வெளியிலிருந்து அழைத்துப் பார்த்து உறுதி செய்யும்வரை காப்பர் லைனை ரத்து செய்யக் கடிதம் கொடுக்காதீர்கள். ரத்தாகிவிட்ட எண்ணைப் பின்னர் மாற்றித் தரமுடியாமல் போகலாம். உங்கள் 4 லைன்களும் ஹண்டிங் முறையில், அதாவது முதல் எண் பேச்சிலிருந்தால் அடுத்ததற்குத் தாவும்படி, எக்ஸ்சேஞ்சில் அமைக்கப்பட்டிருந்தால் அதையும் விண்ணப்பத்தில் எழுதிக் கேளுங்கள். அந்த வசதி உங்கள் பெட்டியில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பவர்கள் பலர். அது எக்ஸ்சேஞ்சில் இருந்தது. லைனோடு சேர்ந்து போய்விடும்.

கேள்வி: மூன்று வாரங்களுக்கு முன் ஃபைபருக்கு மாறினோம். பேச்சில் குறையில்லை. ஆனால் தினமும் மாலைக்குள் ஒன்றிரண்டு லைன்கள் யாரும் பேசாமலேயே பேச்சில் இருப்பதாக விளக்கு எரிகிறது. பிபிஎக்ஸை அணைத்துப் போட்டால் சரியாகிறது. பெட்டி பழுதாகிவிட்டதா?

பதில்: பெட்டி நன்றாகவே இருக்கிறது. எதிர்முனையில் இருப்பவர் தொலைபேசியை வைத்துவிட்டார் என்ற செய்தி அதற்கு வந்து சேரவில்லை. ஃபைபருக்கு மாறிய அலுவலகங்களிலிருந்து எங்களுக்கு வரும் புகார்களில் இதைவிடப் பொதுவானது வேறில்லை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

காப்பர் லைனில் மறுமுனையினர் வைத்ததும் எக்ஸ்சேஞ்ச் அதை மூன்று வழிகளில் ஒன்றால் தெரிவிக்கும். சில எக்ஸ்சேஞ்சுகள் லைனில் ஓடும் மின்னோட்டத்தை ஒரு வினாடிக்கும் குறைவான நேரம் துண்டித்துக் காட்டும். சில, அழைப்பு இணைந்தபோது இரு கம்பிகளின் நேர், எதிர் முனைகளை இடம் மாற்றி, முடிந்ததும் பழையபடி திருப்பும். இதைப் பொலாரிட்டி ரிவர்சல் என்பார்கள். இரண்டும் இல்லாத இடங்களில் பிசி டோன் (லைன் பேச்சிலிருந்தால் கேட்கும் விட்டுவிட்டு ஒலிக்கும் ஓசை) மட்டும் ஒலிக்கும், அதைப் பிபிஎக்ஸ் காதுகொடுத்துக் கேட்டு லைனை விடுவிக்கவேண்டும். உங்கள் பிபிஎக்ஸை நிறுவியவர் அன்றைய எக்ஸ்சேஞ்சுக்கு ஏற்றபடி இவற்றுள் ஒன்றைத் தேர்ந்து நிரல்படுத்திவிட்டுப் போயிருப்பார். இப்போது அந்த எக்ஸ்சேஞ்சின் இடத்தில் கேட்வே அமர்ந்திருக்கிறது. அதில் முதல் இரண்டு வசதிகளும் இருந்தாலும், ஆலையிலிருந்து வரும்போது பெரும்பாலும் அணைக்கப்பட்டே இருக்கும்.

ஊழியர் ஒருவர் எடுத்துப் பேசும் அழைப்புகளில் இந்தக் குறை வெளியே தெரியாது. பேசி முடித்ததும் அவரே வைத்துவிடுவதால் லைன் விடுபட்டுவிடும். வரவேற்புக் குரல் "1 ஐ அழுத்தவும்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அழைத்தவர் பொறுமையிழந்து வைத்துவிட்டால், அல்லது குரல் அஞ்சலில் செய்தி பதிந்துவிட்டு வைத்தால்தான் லைன் மாட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து வந்த அழைப்பைப் பிபிஎக்ஸ் வழியாக இன்னொரு வெளி எண்ணுக்கு மாற்றிவிட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம்: இரு பக்கத்தாரும் வைத்த பிறகும் இரண்டு லைன்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் நிற்கும்.

கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. கைப்பேசியிலிருந்து அலுவலக எண்ணை அழைத்து, ஒருவரை எக்ஸ்டென்ஷனில் எடுக்கச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் கைப்பேசியில் துண்டியுங்கள். அவர் வைக்காமல் காதிலேயே வைத்துக்கொண்டு என்ன கேட்கிறது என்று சொல்லட்டும். மெல்லிய 'டக்' ஒலி கேட்டு உடனே பிபிஎக்ஸின் உள் டோன் வந்தால் எல்லாம் சரி. எதுவுமே கேட்காமல் அமைதியாக இருந்தால் கேட்வே ஒரு செய்தியும் அனுப்பவில்லை என்று பொருள். பிசி டோன் கேட்டுக்கொண்டே இருந்து, லைன் விளக்கும் அணையாமல் எரிந்தால், டோன் வருகிறது, ஆனால் பிபிஎக்ஸ் அதை அடையாளம் காணவில்லை.

முதலில் கேட்வேயின் அமைப்புப் பக்கத்தில் கரண்ட் டிஸ்கனெக்ட், அதாவது மின்னோட்டத்தைத் துண்டித்துக் காட்டும் வசதியை இயக்குங்கள். பெரும்பாலான பிபிஎக்ஸுகள் இதை உடனே புரிந்துகொள்ளும். நேரத்தைக் குறிப்பிடக் கேட்டால் 500 மில்லிவினாடியில் தொடங்கலாம். உங்கள் பெட்டி பொலாரிட்டியை மட்டுமே பார்க்கும்படி நிரல்படுத்தப்பட்டிருந்தால் அந்த வசதியை இயக்கவேண்டும். பிசி டோனை நம்பியிருக்கும் பெட்டி என்றால், கேட்வேயில் எந்த நாட்டின் டோன் தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். அமெரிக்க பிசி டோன் 480, 620 ஹெர்ட்ஸ் இரண்டும் கலந்து அரை வினாடி ஒலித்து அரை வினாடி நிற்கும். பிரிட்டிஷ் டோன் 400 ஹெர்ட்ஸில் 0.375 வினாடி ஒலித்து அதே அளவு நிற்கும். ஒன்றுக்குப் பழகிய பிபிஎக்ஸ் மற்றதைக் கேட்டால் அதைப் பேச்சுச் சத்தம் என்று எண்ணி லைனை விடாது. இதற்காகப் பெட்டியைத் தினமும் அணைத்துப் போடுவது நோயை விட்டுவிட்டுக் காய்ச்சலுக்கு மட்டும் மாத்திரை போடுவது போலாகும். பழைய பெட்டிகளை அடிக்கடி அணைத்து இயக்கினால் மின்வழங்கிப் பகுதி பழுதடையவும் வாய்ப்பு உண்டு.

கேள்வி: மின்வெட்டின்போதும் எங்கள் பழைய லைன் வேலை செய்யும். ஃபைபரில் அது போய்விடும் என்கிறார்கள். தவிர்க்க வழி உண்டா?

பதில்: அவர்கள் சொல்வது சரி. காப்பரில் மின்சாரமும் லைனோடு சேர்ந்தே வந்தது. எக்ஸ்சேஞ்சின் பெரிய பேட்டரிகள் உங்கள் தொலைபேசியை உயிரோடு வைத்திருந்தன. ஃபைபரில் ஒளி மட்டுமே வருகிறது. ஆகவே அந்தப் பொறுப்பு இனி உங்களுடையது. வழியில் தெருவோரம் இருக்கும் ஒளிப் பிரிப்பான்களுக்கு மின்சாரமே தேவையில்லை என்பதால், நிறுவனத்தின் முனையில் பேட்டரி இருந்து, உங்கள் முனையிலும் யுபிஎஸ் இருந்தால் இணைப்பு நிற்காது.

எவ்வளவு பெரிய யுபிஎஸ் என்பதற்குக் கணக்கு எளிது. அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் கிடைக்கும். 12 வோல்ட், 1 ஆம்பியர் என்றால் அதிகபட்சம் 12 வாட். ஓஎன்டி, கேட்வே இரண்டுக்கும் சேர்த்து 24 வாட் என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட், 7 ஆம்பியர்மணி பேட்டரியில் 84 வாட்மணி இருக்கும். இழப்புகள் போக 55 அளவுக்குக் கைக்கு வரும். ஆகவே இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் தாங்கும். 50 வாட் இழுக்கும் பிபிஎக்ஸையும் அதே பேட்டரியில் சேர்த்தால் முக்கால் மணி நேரம்கூட நிற்பது சந்தேகம்.

இங்கே பழைய பிபிஎக்ஸ்களில் மறந்துபோன ஒரு வசதி கைகொடுக்கும். மின்சாரம் நின்றால் முதல் வெளி லைனை ரிலே ஒன்றின் வழியாகக் குறிப்பிட்ட ஒரு எக்ஸ்டென்ஷனோடு நேராக இணைத்துவிடும் பவர் ஃபெயிலியர் டிரான்ஸ்ஃபர் என்ற ஏற்பாடு அவற்றுள் பலவற்றில் உண்டு. உங்கள் பெட்டியில் அது இருந்தால், சிறு யுபிஎஸ்ஸை ஓஎன்டிக்கும் கேட்வேக்கும் மட்டும் கொடுத்துவிட்டு, பிபிஎக்ஸ் அணைந்தால் அணையட்டும் என்று விட்டுவிடலாம். அந்த ஒரு தொலைபேசி தொடர்ந்து பேசும். அது சாதாரண அனலாக் தொலைபேசியாக இருக்கவேண்டும். பொத்தான்கள் நிறைந்த டிஜிட்டல் கருவியாக இருந்தால் பயனில்லை. மாற்றம் முடிந்த அன்றே மின் இணைப்பைப் பிடுங்கிச் சோதித்துவிடுங்கள்.

கேள்வி: ஃபேக்ஸ் இயந்திரம், தீ எச்சரிக்கைப் பெட்டி, லிஃப்டுக்குள் உள்ள அவசரத் தொலைபேசி ஆகியவையும் காப்பரில் இருக்கின்றன. இவையும் மாறிவிடுமா?

பதில்: மூன்றும் மூன்று விதம். ஃபேக்ஸ் ஒருவாறு ஓடும். மனிதக் குரலுக்காகச் சுருக்கும் ஜி.729 போன்ற கோடெக்குகள் (குரலை எண்களாக மாற்றும் முறைகள்) ஃபேக்ஸின் ஒலிகளைச் சிதைத்துவிடும் என்பதால், அந்த லைனுக்கு அப்படிச் சுருக்காத ஜி.711 அல்லது நிறுவனம் அளித்தால் ஃபேக்ஸுக்கென்றே உள்ள டி.38 முறையைக் கேளுங்கள். இயந்திரத்தின் வேகத்தை வினாடிக்கு 9600 பிட்டுக்குக் குறைத்து வையுங்கள். ஒரு பக்கம் போய்ச் சேர்ந்ததை வைத்து முடிவு செய்யாமல் பத்துப் பக்கம் அனுப்பிப் பாருங்கள். நீண்ட ஆவணங்களில்தான் அறுபடும்.

தீ எச்சரிக்கைப் பெட்டியும் லிஃப்டுத் தொலைபேசியும் வேறு வகை. இவை பலவேளை பிபிஎக்ஸைத் தொடாமல், வெளி லைனிலிருந்து நேராகப் பிரிந்து போயிருக்கும். எங்கே பிரிகின்றன என்பது கட்டட நிர்வாகிக்கே தெரியாது. காப்பர் நின்ற பிறகு, யாராவது லிஃப்டில் மாட்டிக்கொள்ளும்வரை அது செத்துக் கிடப்பதும் தெரியாது. ஆகவே மாற்றத்துக்கு முன்பே ஜங்ஷன் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு ஜோடியையும் தொடர்ந்து போய்ப் பட்டியலிடச் செய்யுங்கள். இந்த இரண்டையும் கேட்வேயில் தொங்கவிடுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். தனிப் பேட்டரியோடு கைப்பேசி வலையமைப்பில் இயங்கும் கருவிகள் இதற்கென்றே கிடைக்கின்றன. பராமரிப்பு ஒப்பந்தக்காரரிடம் எழுத்துப்பூர்வமாக ஒப்புதல் பெற்று அவரையே மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: வாடிக்கையாளர்கள் தங்கள் குரலே திரும்பக் கேட்பதாகச் சொல்கிறார்கள். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் தொலைபேசியில்தானே கோளாறு?

பதில்: அப்படித்தான் தோன்றும், ஆனால் கோளாறு உங்கள் பக்கத்தில் இருக்கிறது. ஒருவருடைய குரல் எதிர்முனையில் மோதித்தான் திரும்பும். ஆகவே எதிரொலியைக் கேட்பவர் யாரோ, அவருக்கு மறுபக்கத்தில்தான் அதன் பிறப்பிடம். கேட்வேயும் பிபிஎக்ஸும் இரண்டு கம்பிகளால் சந்திக்கும் இடத்தில் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) பொருந்தாவிட்டால் குரலின் ஒரு பகுதி திரும்பிவிடும். காப்பர் காலத்திலும் இது இருந்தது. உள்ளூர் அழைப்புகளில் தாமதம் மிகக் குறைவாக இருந்ததால், பேசுபவரின் சொந்தக் குரலோடு கலந்து தெரியாமல் போனது. இப்போது குரல் பொட்டலங்களாகக் கட்டப்பட்டு, வரிசையில் நின்று, மறுபடி பிரிக்கப்படுவதற்குள் பல பத்து மில்லிவினாடிகள் கடந்துவிடுவதால் தனியாகக் கேட்கிறது. கேட்வேயில் மின்மறுப்பை உங்கள் நாட்டுக்குரியதாகவோ 600 ஓம் என்றோ மாற்றிப் பாருங்கள். ஒலி அளவை ஓரிரு டெசிபல் குறையுங்கள். எக்கோ கேன்சலர் இயக்கத்தில் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.

கேள்வி: ஃபைபர் வேகமானது என்றார்கள். ஆனால் பேச்சு விட்டுவிட்டுக் கேட்கிறது. சில அழைப்புகளில் ஒரு பக்கக் குரல் மட்டுமே வருகிறது.

பதில்: ஒரு அழைப்புக்கு ஜி.711 இல் ஒவ்வொரு திசையிலும் 90 கிலோபிட்டுக்கும் குறைவாகவே தேவை. ஃபைபருக்கு அது தூசு. ஆனால் யாரோ ஒருவர் பெரிய கோப்பை மேலேற்றும்போது ரூட்டரின் வரிசையில் உங்கள் குரலும் அதன் பின்னால் நிற்கிறது. ரூட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுங்கள், முடிந்தால் அதற்கெனத் தனி விலேன் (அதே கம்பிகளில் பிரித்து அமைக்கும் தனி வலையமைப்பு) அமையுங்கள். ஒரு பக்கக் குரல் மட்டும் வருவதற்கு, ரூட்டரில் உள்ள எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற 'உதவி' வசதி பெரும்பாலும் காரணமாக இருக்கும். அதை அணைத்துப் பாருங்கள்.

கேள்வி: சுழற்றி டயல் செய்யும் பழைய தொலைபேசி ஒன்று இன்னும் எங்களிடம் இருக்கிறது. அது பேசுமா? அழைப்பவர் எண்ணும் இப்போது தெரிவதில்லை.

பதில்: அந்தத் தொலைபேசி பிபிஎக்ஸின் எக்ஸ்டென்ஷனில் இருந்தால் எந்த மாற்றமும் தெரியாது. நேராக ஓஎன்டியில் செருகினால் மணி அடிக்கும், எடுத்துப் பேசலாம், ஆனால் பல கருவிகள் சுழற்றும்போது எழும் துடிப்புகளை, அதாவது பல்ஸ் டயலைப் புரிந்துகொள்வதில்லை என்பதால் அழைக்க முடியாமல் போகலாம். அழைப்பவர் எண் எஃப்எஸ்கே, டிடிஎம்எஃப் என இரு முறைகளில் அனுப்பப்படும். கேட்வே ஒன்றை அனுப்பி, பிபிஎக்ஸ் மற்றதை எதிர்பார்த்தால் திரை வெறுமையாகவே இருக்கும். இரண்டையும் ஒன்றாக்கினால் போதும்.

கேள்வி: உள் வயரிங் முழுவதையும் ஃபைபராக மாற்றவேண்டுமா? இடி மின்னல் பயம் இனி இல்லை என்பதும் சரிதானா?

பதில்: உள் வயரிங்கைத் தொடவேண்டாம். வெளியிலிருந்து வரும் பழைய ஜோடியை மட்டும் க்ரோன் பிளாக்கிலிருந்து (கம்பி ஜோடிகளைச் செருகி இணைக்கும் பலகை) முற்றிலும் பிரித்துவிட்டு, அதே இடத்தில் கேட்வேயின் ஜம்பரைப் பொருத்துங்கள். பழைய லைன் பிரிக்கப்படாமல் இரண்டு மின்சாரமும் ஒரே கம்பியில் சந்தித்தால் கேட்வேயின் துளை எரிந்துபோகக்கூடும். ஃபைபர் வயரை மூலையில் ஆணி அடித்து மடக்காமல், வளைவு அகலமாக இருக்கும்படி விடச் சொல்லுங்கள். பச்சை நிற கனெக்டரை நீல நிறத்தோடு இணைக்காதீர்கள், இரண்டின் முனைகளும் வெவ்வேறு கோணத்தில் தீட்டப்பட்டவை. கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவும் கூடாது. அதில் வரும் அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது.

இடியைப் பொறுத்தவரை பாதி சரி. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் வெளி லைன் வழியாகப் பாய்ந்து பிபிஎக்ஸ் பலகையை எரிக்கும் பழைய தொல்லை பெரிதும் குறையும். ஆனால் ஃபைபரோடு தாங்குகம்பியாக இரும்பு வந்தால், கட்டடத்துக்குள் நுழையுமுன் அதை வெட்டி நிறுத்தவேண்டும் அல்லது எர்த்தோடு இணைக்கவேண்டும். காவலர் அறை, பக்கத்துக் கட்டடம் போன்றவற்றுக்குத் திறந்தவெளியில் போகும் எக்ஸ்டென்ஷன் வயர்கள் இன்னும் காப்பர்தான்; அந்த ஜோடிகளில் இருக்கும் சர்ஜ் பாதுகாப்புக் கருவிகளைக் கழற்றாதீர்கள். ஓஎன்டிக்கும் கேட்வேக்கும் மின் இணைப்பு வழியாகவே அதிர்ச்சி வரக்கூடும் என்பதால், பிபிஎக்ஸின் எர்த் கம்பியைச் சோதிக்கும் அதே நாளில் அந்த பிளக் பாயிண்டின் எர்த்தையும் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.